நட்பு பிழைத்த இடம்



ஒருவர் தம் நண்பரின் நினைவாக வைத்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே நட்பைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நட்பின் பெருமையைப் பேசத் தமிழ் மேடைகளில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அதன் வழி வந்த மேடைகளில் குகனா, சுக்கிரீவனா, வீடணனா என்று எத்தனையோ பட்டிமண்டபங்கள் நடந்துவிட்டன. பிசிராந்தையாரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். கர்ணனைத் திரைப்படம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நான் எடுத்துக்கொண்டது இதன் மறுபக்கம். நண்பன் கைவிட்டுப் போனால், காட்டிக் கொடுத்தால், பழகிய வாசலிலேயே நம்மை யாரோ என்று பார்த்தால், அந்த அடியைச் சொல்ல நம் பழைய இலக்கியம் என்ன வழி வைத்திருக்கிறது? அந்த வழியை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா? இன்று பேசப்போவது இந்த இரண்டு கேள்விகளைப் பற்றி.

1. முறையிட இடமில்லாத குற்றம்

சொத்தில் அண்ணன் தம்பி ஏமாற்றினால் ஊர்ப் பெரியவர்களிடம் போகலாம். அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. தொழிலில் கூட்டாளி ஏமாற்றினால் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டலாம். கணவன் மனைவி பிணக்குக்கு இரு வீட்டாரும் இருக்கிறார்கள், குடும்ப நல நீதிமன்றமும் இருக்கிறது. நட்புக்கு இவற்றில் எதுவும் கிடையாது. எழுத்தில் எதையும் வாங்காமல், சாட்சி வைக்காமல், இன்ன நாளில் தொடங்கியது என்று சொல்லவும் முடியாமல் வளர்வது அது. முறியும்போது எங்கே போய் முறையிடுவது?

வெளியே சொன்னால் கேட்பவர் முதலில் சொல்வது, 'இதற்கா இவ்வளவு வருத்தம்?' என்பதுதான். அடுத்து, 'உன்னை யார் அவனை நம்பச் சொன்னது?' என்று கேட்பார். உற்றார் இறந்தால் துக்கம் விசாரிக்க வருவார்கள். நட்பு இறந்தால் வருவதற்கு ஆள் இல்லை. அதனால் நண்பனிடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறக்கும்போதோ, தம் கதையை விட்டுவிட்டு இலக்கியத்திலிருந்து ஒரு பெயரை எடுக்கிறார்கள். 'அவன் ஒரு சகுனி' என்கிறார்கள். படித்தவர்களாக இருந்தால் 'புரூட்டஸ்' என்கிறார்கள். பெயர் விழுந்த மாத்திரத்தில் தீர்ப்பும் விழுந்துவிடுகிறது. கேட்பவருக்கும் மேற்கொண்டு விவரம் தேவைப்படுவதில்லை.

பழைய நூல்கள் இப்படிச் செய்வதில்லை. தீர்ப்புச் சொல்ல அவை அவசரப்படுவதே இல்லை. ஒவ்வொரு முறிவையும் பிரித்துப் பார்க்கின்றன. மறதியா, திமிரா, மூன்றாம் ஆளின் கைவரிசையா, முன்கூட்டிப் போட்ட திட்டமா என்று விசாரிக்கின்றன. நட்புக்கு இல்லாத அந்த நீதிமன்றத்தை இலக்கியம் நடத்தியிருக்கிறது என்று நான் சொல்வேன். அங்கே குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பேச இடம் உண்டு. குற்றம் சாட்டுபவனும் கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

2. ஐந்து அதிகாரங்களின் வரிசை

திருக்குறள் பொருட்பாலில் 79ஆம் அதிகாரம் நட்பு. அடுத்து நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 83 வரை ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள். இவற்றில் நட்பைப் புகழ்பவை முதல் அதிகாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. மற்ற நாற்பதில் பெரும்பகுதி நட்பு பிழைபடும் இடங்களைப் பற்றியது. நட்பை இவ்வளவு உயர்த்திப் பேசியவர் அது முறியும் இடங்களுக்கு இத்தனை குறள்களை ஒதுக்கியிருக்கிறார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

வரிசையைப் பாருங்கள். ஆராய்ந்து நட்புக் கொள் என்று முதலில் சொல்கிறார். ஆராயாமல் கொண்ட நட்பைப் போலக் கேடு வேறில்லை, கொண்டபின் விடுதலை இல்லை என்று எச்சரிக்கிறார். தீயவரை விலக்கச் சொல்லும் அதிகாரம் உடனே வந்துவிடவில்லை. இடையில் பழைமை என்ற அதிகாரம் நிற்கிறது. பழகிய நண்பன் உரிமையில் செய்யும் பிழையைப் பொறுப்பது பற்றியது அது. நண்பன் நோகும்படி ஒன்று செய்தால், அது அறியாமையால் வந்தது என்றோ, அளவு கடந்த உரிமையால் வந்தது என்றோ எடுத்துக்கொள் என்கிறார். அந்தப் படியைத் தாண்டிய பிறகுதான் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் போக முடியும்.

நாலடியாரிலும் இதே ஒழுங்கு. நட்பாராய்தல், நட்பிற் பிழை பொறுத்தல், கூடா நட்பு என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நெல்லுக்கும் உமி உண்டு, தண்ணீருக்கும் நுரை உண்டு என்று அங்கே ஒரு பாட்டு சமாதானம் சொல்கிறது. இன்னொன்று இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டையும் பொருளையும் எரித்த நெருப்பையே மறுநாள் அடுப்புக்குத் தேடிப் போகிறோமே என்று கேட்கிறது.

பொறுமைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதால் இவர்களை ஏமாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். தீ நட்பில் வள்ளுவர் காட்டும் ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோம். போர்க்களத்தின் நடுவில் ஏறியவனைத் தள்ளிவிட்டு ஓடும் பழக்கப்படாத குதிரை போன்றவன் ஒருவன். அவன் துணையைவிடத் தனிமை மேல் என்கிறார். வீட்டுக்குள் உறவாடிவிட்டு மன்றத்தில் பழித்துப் பேசுபவன் இன்னொருவன். அவன் சிறிதும் நெருங்காதபடி பார்த்துக்கொள் என்கிறார். இன்றைக்கு அந்த மன்றம் ஒரு வாட்ஸ்அப் குழுவாக இருக்கலாம். கூடா நட்பில் தொழுத கைக்குள்ளேயே ஆயுதத்தை ஒளித்து வைத்திருப்பவன் வருகிறான். அவன் அழுத கண்ணீரையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்.

கெட்ட காலத்தில் கைவிட்டவனின் நட்பைச் சாகும் தறுவாயில் நினைத்தாலும் நெஞ்சு சுடும் என்று ஒரு குறள் இருக்கிறது. அந்த வலி எத்தனை நாளானாலும் போகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்தான் பழைமையை நடுவில் வைத்தார். அடிபட்டவன் கையில் உடனே கல்லைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி இந்த விசாரணை கதைகளில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

3. மறந்தவன்

இராமாயணத்தில், கிட்கிந்தையில் சுக்கிரீவனின் அண்ணன் வாலி இறந்துவிட்டான். சுக்கிரீவனுக்கு நாடு கிடைத்தது, பிரிந்திருந்த மனைவியும் கிடைத்தாள். மழைக்காலம் முடிந்ததும் படையோடு வந்து சீதையைத் தேடுவதாக இராமனோடு பேச்சு. மழை நின்றது. ஆள் வரவில்லை.

கம்பர் இந்த இடத்தை எப்படிக் கொண்டுபோகிறார் என்று பாருங்கள். இராமன் கோபத்தோடு இலக்குவனை அனுப்புகிறான். இலக்குவன் வரும் வேகத்தைக் கண்டு வானரங்கள் நகர வாயிலை அடைத்துப் பாறைகளைக் குவிக்கின்றன. அவன் காலால் உதைத்துத் திறக்கிறான். வாலியின் மகன் அங்கதன் ஓடிப்போய்ச் சிற்றப்பனை எழுப்புகிறான். சுக்கிரீவன் கள்மயக்கத்தில் கிடக்கிறான். கேட்பவருக்கு இது வெறும் துரோகம்தான். வேலை முடிந்தது, ஆளை மறந்தாயிற்று.

அப்போது கம்பர் வாலியின் மனைவி தாரையைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துகிறார். மங்கல அணி இல்லை, நகை இல்லை, கைம்பெண் கோலம். இலக்குவன் தலை குனிகிறான். அயோத்தியில் இதே கோலத்தில் இருக்கும் தன் தாயர் நினைவுக்கு வருகிறார்கள், கண் கலங்குகிறது. கோபத்தின் உச்சத்தில் வந்தவன் ஒரு நொடி தன் வீட்டுத் துயரத்துக்குப் போய்த் திரும்புகிறான். அந்த ஒரு நொடியில் சுக்கிரீவனின் உயிர் தப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு சுக்கிரீவன் தெளிந்து, கள்ளைத் திட்டுகிறான்; தன்னையும் திட்டிக்கொள்கிறான். படையோடு இராமனிடம் போகிறான். இராமன் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் ஆயிரம். அவன் தழுவிக்கொண்டு அருகில் இருத்தி, உன் அரசும் செல்வமும் குறைவில்லாமல் இருக்கின்றனவா, குடிமக்கள் நலமா என்று கேட்கிறான். வாக்கு மறந்தவனிடம் முதலில் அவன் நலத்தைக் கேட்பது சாதாரண காரியமில்லை. குறள் சொன்ன பழைமை இதுதான். சுக்கிரீவன் செய்தது அறியாமை. புது வாழ்வின் மயக்கம். தீங்கு நினைத்தவன் அவன் இல்லை. அப்படித் தரம் பிரிக்க இராமனுக்குத் தெரிந்திருந்தது. இலக்குவனின் கோபம் மட்டும் போயிருந்தால் சீதையைத் தேடப் படையே இருந்திராது.

கல்யாணமானதும், வேலை கிடைத்ததும், ஊர் மாறியதும் நம்மை மறந்துபோன நண்பர்களில் பெரும்பாலோர் சுக்கிரீவன்கள். அவர்களைச் சகுனி என்று அழைப்பது கதையைத் தப்பாகப் படிப்பது.

4. ஏறிப்போனவன்

பாரதத்தில் துரோணரும் துருபதனும் ஒன்றாகப் படித்தவர்கள். துரோணரின் தந்தை பரத்துவாசரின் ஆசிரமத்தில் விளையாடி வளர்ந்தவர்கள். நான் அரசனானால் என் நாட்டில் உனக்கும் பங்கு உண்டு என்று இளவரசன் துருபதன் வாக்குக் கொடுத்தான். பிள்ளைப் பருவத்து வாக்கு.

துரோணருக்கு வறுமை வந்தது. மற்றப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அவர் மகன் அசுவத்தாமன் அழுதான். பிள்ளைகள் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு, நானும் பால் குடித்தேன் என்று அவன் ஆடினான். தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் துருபதன் அரண்மனைக்குப் போனார். நண்பா என்று அழைத்தார். துருபதன் சொன்ன பதில் உலகத்துக்கே தெரியும்: அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு ஏது? சமமானவர்களுக்குள்தான் நட்பு.

இது மறதி இல்லை. துருபதனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருப்பதுதான் அவனுக்குச் சங்கடம். பழைய ஆசிரமத்துத் தோழன் சபை நடுவே நின்று தன்னைப் பெயர் சொல்லும் உரிமையில் அழைப்பது அவன் சிங்காசனத்தைத் தாழ்த்துகிறது. மேலே ஏறியவன் ஏறி வந்த படியை மறைக்கப் பார்க்கிறான்.

துரோணர் பொறுக்கவில்லை. கௌரவ பாண்டவர்களுக்கு வில் கற்பித்தார். குருதட்சிணையாகத் துருபதனைப் பிடித்து வரச் சொன்னார். அர்ச்சுனன் பிடித்து வந்தான். துரோணர் பாதி நாட்டைத் தமக்கு வைத்துக்கொண்டு மறு பாதியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது இருவரும் அரசர்கள், இனி நண்பர்களாக இருக்கலாம் என்றார். பழிவாங்கலையே நட்பு என்று பெயரிட்டு நீட்டிய இந்த இடம் எனக்கு மகாபாரதத்தில் மிகவும் கசப்பான இடங்களில் ஒன்று.

துருபதன் சரி என்று தலையாட்டிவிட்டு வேள்வி செய்தான். துரோணரைக் கொல்லவே ஒரு மகனைப் பெற்றான், திட்டத்துய்மன். அவனுக்கு வில்வித்தை கற்றுக் கொடுத்தவரும் துரோணர்தான். பதினைந்தாம் நாள் போரில், மகன் இறந்தான் என்ற பொய்யை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணரின் தலையை அவன் வெட்டினான். போர் முடிந்த இரவில் பாசறையில் புகுந்து திட்டத்துய்மனைக் கொன்றவன் யார்? மாவுத் தண்ணீரைப் பால் என்று குடித்து ஆடிய அதே அசுவத்தாமன்.

துரோணருக்கு நடந்தது அநியாயம். அதில் ஐயமில்லை. ஆனால் வியாசர் கதையைத் துரோணரின் அவமானத்தோடு நிறுத்தவில்லை. அவமானம் கணக்காகி, கணக்கு வட்டி போட்டு, இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் விழுங்கும் வரை கொண்டுபோகிறார். என் நண்பன் துருபதனைப் போல நடந்தான் என்று சொல்ல வருபவருக்கு அந்தக் கதை ஒரு கேள்வி வைத்திருக்கிறது: அப்படியானால் நீ துரோணராகப் போகிறாயா?

5. நடுவில் புகுந்தவன்

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதி மித்திரபேதம். நண்பர்களைப் பிரிப்பதற்கென்றே ஒரு தந்திரம். வணிகன் ஒருவன் வழியில் விட்டுப்போன காளை சஞ்சீவகன், காட்டுச் சிங்கம் பிங்கலனின் உயிர் நண்பனாகிறது. இந்த நட்பால் தன் செல்வாக்குக் குறைந்துபோன தமனகன் என்ற நரி வேலையைத் தொடங்குகிறது.

நரியின் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சிங்கத்திடம் போய், காளை உன்னைக் கொல்ல நினைக்கிறது, கொம்பைத் தயாராக வைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தபடி வந்தால் புரிந்துகொள் என்கிறது. காளையிடம் போய், சிங்கம் உன்னைத் தின்ன முடிவு செய்துவிட்டது, காதை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, கண் சிவந்து உன்னைப் பார்த்தால் தெரிந்துகொள் என்கிறது. பயந்துபோன காளை பயந்த காளையைப் போலவே வருகிறது. பயந்துபோன சிங்கம் பயந்த சிங்கத்தைப் போலவே நிமிர்கிறது. இருவருக்கும் சொல்லி வைத்த அடையாளம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. பாய்கிறார்கள். காளை சாகிறது. சிங்கம் உட்கார்ந்து அழுகிறது.

இந்தக் கதையில் இருவருமே துரோகம் செய்யவில்லை. இருவருமே தமக்குத் துரோகம் நடந்தது என்று உறுதியாக நம்பினார்கள். கண்ணால் கண்ட சாட்சியும் இருந்தது. அந்தச் சாட்சியை உண்டாக்கியது கேட்ட சொல். பழைமை அதிகாரத்தில் ஒரு குறள், நண்பனின் குறையைப் பிறர் சொல்லக் கேளாத உரிமை வல்லவருக்கு, அந்த நண்பன் பிழை செய்த நாளும் பயனுள்ள நாளே என்கிறது. பிறர் சொல்லக் கேளாமை என்பதை அந்தக் குறள் ஒரு திறமையாகவே வைக்கிறது. பழகிப் பழகித்தான் வரும்.

நட்பு முறிந்த கதையைச் சொல்ல வருபவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது இதுதான்: அவன் அப்படிச் செய்தான் என்று உனக்கு யார் சொன்னது?

6. திட்டமிட்டவன்

இதுவரை சொன்ன மூன்றிலும் பொறுக்கவோ, விளக்கவோ ஏதோ ஒரு இடம் இருந்தது. நாலாவதில் இல்லை. திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணி, உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த காப்பியம், ஒரு நம்பிக்கைத் துரோகத்தில்தான் தொடங்குகிறது.

ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன். மனைவி விசயைமீது கொண்ட காதலில் ஆட்சியே பாரமாகத் தோன்றுகிறது. அமைச்சன் கட்டியங்காரனை அருகில் அழைத்து, இவன் எனக்கு உயிர் போன்றவன், என்னைத் தவிர இவனுக்கு யாருமில்லை என்று சொல்லி நாட்டை ஒப்படைக்கிறான். அமைச்சர்களான நிமித்திகனும் உருத்திரதத்தனும் வேண்டாம் என்கிறார்கள். அரசன் கேட்கவில்லை.

கட்டியங்காரன் சதியை அவையில் வெளியிடும் இடம் எனக்கு வியப்பாக இருக்கும். பதவி வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அரசனுக்குப் பகையான ஒரு தெய்வம் தன்னைப் பிடித்துக்கொண்டது, இரவும் பகலும் அவனைக் கொல், கொல் என்கிறது, நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிறான். துரோகி எப்போதும் இப்படித்தான் பேசுவான் போலும். தான் செய்யவில்லை, ஏதோ ஒன்று செய்ய வைக்கிறது. நிலைமை அப்படி, மேலிடம் அப்படி, காலம் அப்படி. கட்டியங்காரனுக்குத் தெய்வம் கிடைத்தது. இன்றைக்கு வேறு பெயர்கள் கிடைக்கின்றன. தருமதத்தன் என்ற அமைச்சன் எழுந்து இடித்துரைக்கிறான், பயனில்லை.

படை அரண்மனையைச் சூழ்கிறது. கருவுற்ற விசயையைப் பறக்கும் மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போரிட்டு மடிகிறான். மயிற்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான்.

இங்கே தேவர் கட்டியங்காரனுக்கு எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. கடைசியில் சீவகன் கையால் அவன் சாகத்தான் செய்கிறான். ஆனால் சச்சந்தனையும் அவர் சும்மா விடவில்லை. எச்சரித்தவர்கள் இருந்தார்கள், அவன் கேட்கவில்லை என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே பதிந்துவிடுகிறார். ஆராயாத நட்புக்கு மேல் கேடில்லை என்ற குறளுக்கு ஒரு காப்பியமே உரையாக எழுதினாற்போல இருக்கிறது. ஏமாந்தவன் மேல் இரக்கம் வேண்டும். அவன் ஏமாந்த விதத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று சிந்தாமணி காட்டுகிறது.

7. குற்றம் செய்யாத குற்றவாளிகள்

கடைசியாக, இந்த வரிசையில் யாரும் எதிர்பார்க்காத இருவரைக் கூண்டில் ஏற்றுகிறேன். பறம்பு மலைப் பாரி, உறையூர்க் கோப்பெருஞ்சோழன்.

மூவேந்தர் முற்றுகைக்குப் பின் பாரி இறந்தான். பாரி மகளிரைக் காப்பாற்றும் பொறுப்போடு அவன் நண்பர் புலவர் கபிலர் தனியே நின்றார். அவர் பின்னர் பாடிய பாட்டு புறநானூற்றில் 236ஆவது. பாரியின் கொடையைப் புகழ்ந்து பாடியவர் அங்கே பாரியோடு சண்டை போடுகிறார். நாம் கலந்து பழகிய நட்புக்கு நீ தகுந்தவன் இல்லை என்கிறார். என்னைக் காத்து வந்த அந்த ஆண்டுகளில் எல்லாம் நீ என்னை வெறுத்தே இருந்திருப்பாய்; இல்லாவிட்டால் உன்னோடு வர விடாமல் நில் என்று சொல்லிவிட்டுப் போவாயா என்கிறார். இதே வாயால், இந்தப் பிறவியைப் போல அடுத்த பிறவியிலும் உன்னோடு கூடி வாழ ஊழ் அருளட்டும் என்று முடிக்கிறார். கபிலர் பாரியின் மகளை மலையன் என்ற தலைவனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. குற்றம் சாட்டியவர் குற்றவாளியைத் தேடிப் போய்விட்டார்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது புலவர் பொத்தியாரும் உடன் இருக்க விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பிறகு வா என்று அரசன் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்து அவர் வந்தபோது அரசன் நடுகல்லாக நின்றான். கல்லின்முன் நின்று பொத்தியார் அவனை அன்பில்லாதவனே என்று அழைக்கிறார். என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போனாயே, உன்னருகில் எனக்கு எந்த இடம் என்று கேட்கிறார். அடுத்த பாட்டில் கல்லாகிய பிறகும் நீ எனக்கு இடம் கொடுத்துவிட்டாய் என்கிறார்.

துரோகத்தைச் சொல்ல வந்த சொற்பொழிவில் இவர்களுக்கு என்ன வேலை? எனக்கு இவர்கள் மிக அவசியம். கைவிட்டாய், அன்பில்லை, நட்புக்குத் தகுதியில்லை என்று கபிலரும் பொத்தியாரும் சொன்ன வார்த்தைகளும், கைவிடப்பட்டவன் சொல்லும் வார்த்தைகளும் ஒன்றே. சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் கபிலரின் பாட்டுக்கும் வசைக்கும் வேறுபாடு தெரியாது. பிரிவின் வலி தாங்காதபோது மனிதன் பிரிந்தவனையே குற்றவாளியாக்குகிறான். நாம் துரோகம் என்று பெயரிட்டு வைத்திருக்கும் பலவற்றின் அடியில் இழப்பு மட்டுமே இருக்கலாம். அவன் நமக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை, போய்விட்டான், அவ்வளவுதான். அதைச் சொல்லப் பழந்தமிழில் இத்தனை நேர்மையான வடிவம் இருக்கிறது.

8. பெயரும் கதையும்

ஆக ஐந்து விதம் பார்த்தோம். மறந்தவன், ஏறிப்போனவன், பிரிக்கப்பட்டவன், திட்டமிட்டவன், இறந்ததால் பிரிந்தவன். ஐந்தையும் ஒரே சொல்லில் அடைக்கப் பழையவர்கள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து வைத்தார்கள். முதலாமவனைத் தழுவிக்கொள். இரண்டாமவனைப் பழிவாங்கப் போய் உன் பிள்ளையைத் தொலைக்காதே. மூன்றாமவனிடம் நேரே போய்ப் பேசு. நாலாமவனை விட்டு விலகு. ஐந்தாமவனுக்காக அழு.

விலகுவதற்கும் வள்ளுவர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். முடியக்கூடிய காரியத்தையும் முடியாதபடி கெடுப்பவனின் நட்பை, அவனிடம் எதுவும் சொல்லாமலே தளர விட்டுவிடு என்கிறார். ஊரைக் கூட்ட வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். கூடா நட்பின் கடைசிக் குறளும் அதைத்தான் சொல்கிறது: பகைவரோடு நட்பாக இருக்க வேண்டிய காலம் வந்தால் முகத்தளவில் நட்பாயிரு, அகத்தில் விட்டுவிடு, வாய்ப்பு வரும்போது முகத்தளவு நட்பையும் விட்டுவிடு. ஒரே அலுவலகத்தில், ஒரே தெருவில் வாழ வேண்டியவர்களுக்கு இதைவிட நடைமுறையான யோசனை எனக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நண்பனால் அடிபட்டால் இலக்கியத்திடம் போங்கள், தாராளமாகப் போங்கள். போகும்போது ஒரு பெயரை மட்டும் பறித்துக்கொண்டு வந்து அவன்மேல் எறியாதீர்கள். கதையை முழுதாகக் கொண்டு வாருங்கள். அவனுக்கு எந்த வேடம் என்று முடிவு செய்யும்போது உங்களுக்கு எந்த வேடம் வருகிறது என்றும் பாருங்கள். அவன் சுக்கிரீவன் என்றால் நீங்கள் இலக்குவனாக நிற்கப் போகிறீர்களா, இராமனாகவா? அவன் கட்டியங்காரன் என்றால் உங்களுக்கு எச்சரிக்கை சொன்ன உருத்திரதத்தன் யார்? அப்படி எச்சரித்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது, வைத்திருந்த குற்றப்பத்திரிகையில் சில வரிகள் அடிபட்டுப் போகும். சில வரிகள் அப்படியே நிற்கும். நிற்பவை எவையோ, அவை உண்மையான துரோகம். அதைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள், தேவைப்பட்டால் வாழ்நாள் முழுதும் கோபமாக இருங்கள். அந்தக் கோபத்துக்கு வள்ளுவரும் தடை சொல்லமாட்டார். சாகும்போதும் சுடும் என்று சொன்னவர் அவர்.